மைக்கில் சொன்ன சாட்சி

ராஜாத்திக்குப் பொய் சொல்ல வராது. சின்னப் பொய்யாக இருந்தாலும் காது மடல் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்டவள் தன் வாழ்நாளின் பெரிய பொய்யைச் சொன்ன இடத்தைப் பாருங்கள், சபை! அதுவும் ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் கேட்க, மைக்கில்.

முழுப் பழியையும் அவள் மேல் போட்டுவிடவும் முடியாது. கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சபையில் பாட்டு முடிந்ததும் இரண்டு காரியங்கள் நடக்கும். முதலில் ஜெபக்குறிப்பு. காய்ச்சல், மகளுக்கு வரன், கன்று ஈன முடியாத மாடு என்று குறை உள்ளவர்கள் எழுந்து சொல்வார்கள், போதகர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபிப்பார். அடுத்தது சாட்சி. கேட்டது கிடைத்தவர்கள் எழுந்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வார்கள், சபை ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டும். ஜெபக்குறிப்பை நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டு உட்காரலாம். சாட்சி என்றால்தான் கைக்கு மைக் வரும்.

போன ஐப்பசியிலிருந்து ராஜாத்தி ஒரு வாரம்கூடத் தவறாமல் ஜெபக்குறிப்புக்கு எழுந்தாள். ஒரே குறிப்புதான். "எங்க வீட்டுக்காரவுக திரும்ப வண்டி எடுக்கணும்." முதலில் சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. கார்த்திகை, மார்கழி என்று போகப் போக, அவள் எழும்போதே முன்வரிசை தலையாட்ட ஆரம்பித்தது. வைகாசி பிறந்த பிறகு அவளுக்கே கூச்சமாகிவிட்டது. ஆண்டவருக்கு என்ன காது கேட்காதா, இதையே எத்தனை தடவைதான் சொல்வது என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை எழுவதில்லை என்ற முடிவோடுதான் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜெபக்குறிப்பு நேரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள்.

உட்கார்ந்து முடித்த பிறகுதான் மனசு கேட்கவில்லை. ஒரு வாரமானாலும் அந்த மனுசனை ஜெபம் இல்லாமல் விடுவதா என்று தோன்றியதும் படக்கென்று எழுந்துவிட்டாள். அதற்குள் சாட்சி நேரம் தொடங்கிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மைக் கைக்கு வந்தது.

"சொல்லுங்க சிஸ்டர், ஆண்டவர் என்ன நன்மை செஞ்சாரு?" போதகரின் முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை மாதம் அழுதவள் சாட்சிக்கு எழுந்திருக்கிறாளே என்று அவருக்குக் குரலே தழுதழுத்தது. கீபோர்டு வாசிக்கிறவர் வேறு உருக்கமாக ஒன்றை எடுத்துவிட்டார். இந்த நேரத்தில் 'தப்பா எந்திரிச்சிட்டேன்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"எங்க வீட்டுக்காரவுக..." என்றாள் ராஜாத்தி. "நாளையில இருந்து வண்டி எடுக்கப் போறாக."

தகரக் கூரை அதிர்கிற மாதிரி ஸ்தோத்திரம் சொன்னார்கள். ராஜாத்தி முக்காட்டுக்குள் காதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆண்டவரே, உம்முடைய வீட்டிலேயே பொய் சொல்லிவிட்டேனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சபையோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். சபைக் கோபுரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பது அவளுக்கு நினைவே இல்லை. எதிர்வீட்டில் கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்த பவுனு அதைக் கேட்டுவிட்டு அடுப்பை அப்படியே அணைத்தாள். ஆராதனை முடிந்து ராஜாத்தி வெளியே வரும்போது, வாசலில் கரண்டியோடு நிற்கிறாள். இந்தப் பவுனு, ராஜாத்தியின் புருசன் செல்வின் ஓட்டிய ஜீப்பில் தினமும் மலையேறிப் போய்வந்தவள்.

"ஏத்தா, நெசமாவா? செல்வினண்ணே வண்டி எடுக்கப் போறாகளா? எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். இத்தன நாளா போன வீரணன் வண்டிக்கு நாளைக்கு வரலைன்னும் சொல்லியாச்சு."

ராஜாத்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பவுனு அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். கரண்டியில் இருந்த மசாலா வெள்ளைச் சேலையில் ஒட்டியதுதான் மிச்சம்.

செல்வின், அந்த ஊர்ப் பெண்களை ஏலத்தோட்ட வேலைக்கு ஏற்றிப்போகிற ஜீப்பை ஓட்டிவந்தவன். விடியக் கருக்கலில் கிளம்பி, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்துப் பக்கம் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவான். முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிடம் சத்தமாக ஜெபம் பண்ணுவது அவன் வழக்கம். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் ஜெபம். இரைச்சலுக்கு நடுவே ஆண்டவரிடம் பேசுவது மரியாதை இல்லை என்பது அவன் கட்சி. வண்டியில் வருகிறவர்கள் எல்லாம் நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைத்தவர்கள். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

போன ஐப்பசியில் அப்படி ஜெபம் பண்ணிவிட்டு ஏறிய ஒரு காலையில்தான், மழையில் ஊறிய மலையிலிருந்து பாறை ஒன்று பாதையில் உருண்டது. செல்வின் மலைப் பக்கமாக ஸ்டீயரிங்கை ஒடித்தான். ஜீப் ஓரத்து வாய்க்காலில் சாய்ந்து விழுந்தது. எல்லோரும் சிராய்ப்போடு எழுந்து வந்துவிட்டார்கள், முன் சீட்டில் இருந்த அய்யம்மாளைத் தவிர. அவளுக்கு வலது கால் ஒடிந்துவிட்டது.

யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன்தான் தன்னை விடவில்லை. "ஜெபம் பண்ணித்தானே ஏறுனேன்?" என்று ஒரே ஒரு தடவை ராஜாத்தியிடம் கேட்டான். அன்றோடு வண்டியைத் தொடவில்லை, சபைக்கு வரவில்லை, சாப்பிடும்முன் கண்ணை மூடுவதுகூட நின்றுபோனது. அய்யம்மாள் வீட்டுத் தெருவையே விட்டுவிட்டுச் சுற்றிப் போவான். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் ராஜாத்திக்குச் சமாளிக்கத் தெரியும். அவன் எதற்குமே கோபப்படவில்லை. குழம்பில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் தின்றான். ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் இருந்து யாருக்கு என்ன ராசாத்தி?" என்றான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் வாராவாரம் எழுந்து நின்றது. அவன் வண்டி ஓட்டவேண்டும் என்பதைவிட, அவன் உயிரோடு இருக்க ஆசைப்பட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

சரி, பொய் சொல்லியாகிவிட்டது. ராஜாத்தி வீட்டுக்குப் போகிற வழியில் மெக்கானிக் விஜயபாண்டியைப் பிடித்தாள். அவன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்த ஜீப்பைத் திறந்தான். டிரைவர் சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை முட்டைகளோடு கூடைக்கு மாற்றுவதற்குள் இருவர் கையிலும் கொத்து வாங்கியாயிற்று. விஜயபாண்டி டயருக்குக் காற்றடித்தான், பிரேக்கைப் பார்த்தான், ஆயில் ஊற்றினான், டீசல் மாற்றினான்.

"எல்லாம் சரியா இருக்கு மதினி. பேட்டரிதான் செத்துப்போச்சு. இன்னைக்குக் கடை கெடையாது, நாளைக்கு மத்தியானம்தான் வேற மாட்ட முடியும்."

ராஜாத்திக்கு இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று புரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு செல்வினிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தப்பான நேரத்தில் எழுந்தது, மைக், ஸ்பீக்கர், பவுனு, கரண்டி எல்லாம். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் கை கழுவிவிட்டு, "பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்லி அனுப்பிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியும்போது வாசலில் பேச்சுச் சத்தம். சேலைக்கு மேல் புருசன்மாரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு குஷி. ராஜாத்திக்கு அவர்களிடம் பேட்டரிக் கதையைச் சொல்ல நா எழவில்லை. கடைசியில் செல்வினே வெளியே வந்தான்.

"பேட்டரி செத்துக் கெடக்கு. போங்க, போய் வீரணன் வண்டியப் பிடிங்க."

"பேட்டரிதானண்ணே செத்துச்சு? நாங்க உசுரோடதான இருக்கோம்?" என்றாள் பவுனு. "தள்ளுறோம். நீங்க சும்மா ஸ்டீயரிங்க மட்டும் பிடிங்க. ஓடுதா இல்லையான்னாவது பாப்போம்."

"வேணாம் பவுனு."

"ஆளு இல்லாமத் தள்ளுனா வண்டி சீனிச்சாமி வீட்டு மாட்டுக்கொட்டத்துல போயி நிக்கும். பெறகு அவுககிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

அதற்குள் நாலு பேர் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக் கொண்டுவந்துவிட்டார்கள். மாட்டுக்கொட்டம் உண்மையிலேயே தெருவின் இறக்கத்தில்தான் இருந்தது. செல்வின் வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தான். பெண்கள் ஏலேலோ போட்டுத் தள்ளினார்கள். பாதித் தெரு போவதற்குள் வண்டி குலுங்கி, இருமி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவன் இறங்குவதற்கு இடமே தரவில்லை. ஆளாளுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ராஜாத்தியையும் பவுனு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

முன் சீட்டு மட்டும் காலியாக இருந்தது. செல்வின் இன்ஜினை அணைக்காமல் தெருமுனையில் வண்டியை நிறுத்தினான். காலைச் சற்றே இழுத்து இழுத்து நடந்து ஒருத்தி வந்தாள். அய்யம்மாள்.

செல்வின் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அய்யம்மாள் கம்பியைப் பிடித்து ஏறி, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"என்னலே, முழிச்சுக்கிட்டு இருக்க? வண்டிய எடு."

"அக்கா, ராசாத்தி சபையில சொன்னது பொய்யி. நான் வண்டி எடுக்குறேன்னு சொல்லவே இல்ல."

பின்னால் ராஜாத்திக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

"பொய்யா?" என்றாள் அய்யம்மாள். "அப்ப ஒம் பொண்டாட்டி பொய்க்காரி ஆகாம இருக்குறது இப்ப ஒங் கையிலதான இருக்கு? எடுலே."

செல்வின் கியரைப் போட்டான். திராட்சைப் பந்தல்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி, அடிவாரத்தை நோக்கி, மாட்டுவண்டிக்கே வழிவிடுகிற வேகத்தில் ஓட்டினான். பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. முதல் வளைவு கண்ணில் பட்டதும் அவன் பார்வையை நேராக வைத்துக்கொண்டு, நிற்காமல் போய்விடப் பார்த்தான்.

"நிப்பாட்டுலே" என்றாள் அய்யம்மாள்.

"நிப்பாட்டுனா திரும்பக் கெளம்பாதுக்கா. பேட்டரி இல்ல."

"வீரணனே நிப்பாட்டுறான், ஒனக்கென்ன?"

செல்வினின் கால் தானாகப் பிரேக்கில் அழுந்தியது. இன்ஜின் ஓடியபடியே வண்டி ஓரத்தில் நின்றது.

"வீரணன் எதுக்கு இங்கன நிப்பாட்டுறான்?"

"நாங்க சொல்லித்தான். மொதல்ல மொனகுனான், இப்ப அவனே நிப்பாட்டிருறான். நீ சொல்ற ஜெபத்தக் கேட்டுக் கேட்டு எல்லாத்துக்கும் பாடமாயிருச்சு. ஆளுக்கு ஒருநா மொற வச்சு, ஒனக்கும் சேத்துச் சொல்றோம். நான் தை கழிஞ்சுதான் வேலைக்கு வந்தேன், எனக்கு முந்தி பவுனுதான் சொல்லிக்கிட்டு இருந்தா."

ராஜாத்தி பவுனுவைப் பார்த்தாள். பவுனு என்னவோ திருட்டில் மாட்டிக்கொண்டவள் மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை மாதம் தான் ஒருத்திதான் அவனுக்காக நிற்கிறோம் என்று நினைத்திருந்தாளே!

"அன்னைக்கும் ஜெபம் பண்ணித்தானேக்கா ஏறுனேன்?" செல்வினின் குரல் உடைந்தது. "ஒங்க காலு ஒடைஞ்சுச்சே."

"ஒடைஞ்சுச்சு, இல்லைங்கல. வலியில உசுரு போயிப் போயி வந்துச்சு. ஆசுபத்திரியில கெடந்துக்கிட்டு ஒங்க சாமிய நான் பேசாத பேச்சில்ல." அய்யம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "ஆனா அந்த வாய்க்கால்ல கெடக்கையில, அந்தப் பக்கம் பாத்தேன்லே. கிடுகிடு பள்ளம். அம்புட்டு அவசரத்துல நீ எப்படி மலப்பக்கமா ஒடிச்ச?"

"தெரியலக்கா. கை தானா ஒடிச்சுச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன். காலு போச்சு, தலை தப்பிச்சு. ஒன் சாமி சும்மா இருந்துச்சுன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. நான் நெனைக்கல."

ராஜாத்திக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு குலுங்கியது. சட்டென்று அவன் கையை நீட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டான்.

அத்தனை இரைச்சலும் அடங்கியது. பெண்கள் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். அன்றைக்கு முறை அய்யம்மாளுக்கு. கைகளைக் குவித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஏசுசாமி, ஏறப்போற எங்களப் பத்திரமா ஏத்திவிடும், எறங்கும்போது பத்திரமா எறக்கிவிடும். கையி காலு முழுசா எல்லாரும் வீடு வந்து சேரணும். எங்க செல்வினயும் எந்திரிக்க வச்சு, கூட்டியாந்து இந்த சீட்டுல ஒக்கார..."

அங்கேயே நிறுத்தினாள். ஒற்றைக் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தாள்.

"அட, ஒக்காந்துட்டான்ல!"

பின்னால் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்ததும் வண்டி முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. ஆளுக்கொரு விதமாக ஆமென் சொன்னார்கள். செல்வின் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதான். ராஜாத்தி எழுந்து போய் அவன் தோளைத் தொடவில்லை. அவன் இப்போது தனியாக அழவில்லை என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அழுது முடித்தபின் நிலவரம் உறைத்தது. வண்டி ஏற்றத்தில் நிற்கிறது. முன்னால் தள்ள இத்தனை பெண்கள் போதாது. பின்னால் உருட்டி, ரிவர்ஸ் கியரில்தான் கிளப்ப வேண்டும். மலைப்பாதையில் பின்னோக்கி உருட்டுவது என்றால் நல்ல நாளிலேயே வயிற்றைக் கலக்கும்.

"எல்லாரும் எறங்கி ஓரமா நில்லுங்க" என்றான் செல்வின். பெண்கள் இறங்கினார்கள். ராஜாத்தி இறங்கவில்லை. அய்யம்மாளும் அசையவில்லை.

"அக்கா, எறங்குங்க. மறுபடி ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"ஏறி ஏறி எறங்குறதுக்கு என் காலு தோதுப்படாது. ஒன் வண்டியில காலு ஒடைஞ்சவளே ஒக்காந்திருக்கேன், ஓட்டுறவனுக்கு என்னலே பயம்? உருட்டு."

செல்வின் அவளையே பார்த்தான். பிறகு திரும்பிப் பின்னால் ராஜாத்தியைப் பார்த்தான். ஐப்பசிக்குப் பிறகு அவன் அவளை அப்படி நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். "ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு பிரேக்கை விட்டான்.

வண்டி பின்னால் நகர்ந்தது. வேகம் எடுத்தது. ராஜாத்தி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மட்டும் மூடவில்லை. செல்வின் கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, தடதடவென்று உறுமியது. ஓரத்தில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். "ஸ்தோத்திரம்!" என்று பவுனு மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்; ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய சொல், எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

செல்வின் பிரேக்கை மிதித்து, முதல் கியருக்கு மாற்றி, அவர்கள் நின்ற இடத்துக்கு ஏறிவந்து ஹாரனை ஒரு நீள அழுத்து அழுத்தினான். வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

"ஏத்தா, இன்னும் அங்கன நின்னு என்னத்தப் பராக்குப் பாக்குறீக? நேரம் என்னாச்சு? தோட்டத்துல சூப்பர்வைசர் என்னையத்தான ஏசுவாரு! ஏறுங்க, ஏறுங்க, சட்டுன்னு ஏறுங்க!"

திட்டுகிறான். வாய் ஓயாமல் திட்டுகிறான். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ராஜாத்தி அவன் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே, சந்தோசத்தில் முந்தானையை வாயில் வைத்து விம்மினாள். ஜீப் வளைவில் திரும்பி மலையேறியது.